பெறப்பட்டது: ஜுன்டா

வானொலியில் ஆணையை வாசித்தவர் பாவம், திண்டாடிப் போனார். தடை செய்யப்படும் சொல்லைச் சொன்னால் அவரே ஆணையை மீறியவர் ஆவார். சொல்லாவிட்டாலோ எதைத் தடை செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் விளங்காது. தொண்டையை இரண்டு முறை செருமிவிட்டு, "வெளிநாட்டு வானொலிகள் நமது ஆட்சிக் குழுவை இழிவுபடுத்தப் பயன்படுத்தும், ஜ என்ற எழுத்தில் தொடங்கும் அந்த மூன்றெழுத்துச் சொல்" என்று ஒருவழியாகச் சமாளித்தார். பேச்சிலோ எழுத்திலோ அதைப் பயன்படுத்துவோருக்கு ஏழு ஆண்டுச் சிறை.

சாப்பாட்டு மேசையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை விரித்து வைத்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மூன்றெழுத்துச் சொல்லை இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததே அவள்தான். அது போதாதென்று, கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட அறிவிப்புப் பெட்டிக்குள், அவள் கைப்பட எழுதிய ஒரு தாளில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தாளின் அடியில் பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து அவள் கணவருடையது.

அவளைக் கட்டடத்தில் எல்லாரும் 'கையேட்டம்மா' என்பார்கள். நீர் இறைக்கும் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம், பல் மருத்துவரின் நாற்காலி என்று எது வெளிநாட்டிலிருந்து வந்தாலும் கூடவே வரும் புத்தகத்தைத் தமிழில் எழுதித் தருவது அவள் பிழைப்பு. அந்த வேலையில்தான் அந்தச் சொல்லும் வந்து வாய்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாடியிலிருந்த மோட்டார் ஒழுகத் தொடங்கியது. ஸ்பானியப் புத்தகம். குடியிருப்போர் குழுவின் மூன்று பேரும் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். தலைவர், முதல் மாடியில் இருக்கும் முத்திரைக்காரர். கடைத்தெருவில் ரப்பர் முத்திரை செய்து விற்பவர். மற்ற இருவர் பல் மருத்துவரும், காரோட்டப் பள்ளி நடத்துபவரும். புத்தகத்தில் ஓரிடத்தில் 'ஜுன்டாவை மாற்றவும்' என்றிருந்தது. அவள் விளக்கினாள். இரண்டு குழாய் சேருமிடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையத்துக்கு அந்த மொழியில் ஜுன்டா என்று பெயர். சேர்ந்தது, சேர்ப்பு என்பதுதான் சொல்லின் அடி. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் அந்தக் கூட்டமும் ஜுன்டாதான், குழுவும் ஜுன்டாதான். வாயை அதோடு மூடியிருக்கலாம். அவளுக்கு எங்கே முடிந்தது? "இப்பல்லாம் பட்டாளத்துக்காரங்க நாலு பேர் சேர்ந்து நாட்டைப் பிடிச்சுக்கிட்டா அதுக்கும் அதே பேர்தான்" என்று ஒரு வாலையும் ஒட்டினாள்.

முத்திரைக்காரர் தன் கடை ரப்பரிலேயே ஒரு வளையம் வெட்டி மாட்டினார். ஒழுகல் நின்றது. ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தண்ணியும் சிந்தவிடாது, அதிகாரமும் சிந்தவிடாது. அப்போ நாங்கதான் இந்தக் கட்டடத்தோட ஜுன்டா" என்றார். மறுவாரமே ஒரு முத்திரை செய்துவிட்டார். 'பெறப்பட்டது: ஜுன்டா.' குழுவுக்கு வரும் கடிதம் எல்லாவற்றிலும் அதுதான் விழும்.

"யாராவது ஏதாவது சொல்லப் போறாங்க அண்ணே" என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.

"முத்திரையை எவம்மா படிக்கிறான்? இருக்கா இல்லையான்னுதான் பார்ப்பான். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசியே உயிரை வாங்குவார். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறப்பார், ஏழுக்கு மூடுவார். ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும், தலையில் சோப்பு நுரையோடு நிற்பவன் நின்றபடியே நிற்க வேண்டியதுதான். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். விடிய வேலை முடிந்து ஏழரைக்கு வீடு வரும் அவருக்கு இரண்டு வருடமாக வாளித் தண்ணீர்தான். போன மாதம் அவர் பொறுமை போனது. அவள் எழுதிக் கொடுத்தாள், அவர் பத்து வீட்டில் கையெழுத்து வாங்கினார். மூன்றே வரி.

'மூன்று பேர் சேர்ந்துகொண்டு எங்கள் வாழ்க்கையை நடத்தியது போதும். ஜுன்டா உடனே கலைக்கப்பட வேண்டும். முறையான தேர்தல் நடத்தப்பட வேண்டும்.'

எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தண்ணீர் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். தேதியாவது போட்டிருக்கலாம். வாக்கியம் அழகாக விழுந்த மயக்கத்தில் இரண்டையும் விட்டுவிட்டாள். முத்திரைக்காரர் அதை வாங்கி, தன் மேலேயே வந்த மனு என்றும் பாராமல், விதிப்படி 'பெறப்பட்டது' குத்தி, விதிப்படி முப்பது நாள் எல்லார் பார்வைக்கும் இருக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். யாரும் கிழித்துவிடக் கூடாதாம்.

இருபத்தைந்தாம் நாள் தொலைக்காட்சியில் மூன்று தளபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். இனிமேல் 'தேசிய ஒழுங்குக் குழு' நாட்டைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பல் மருத்துவரும் காரோட்டப் பள்ளிக்காரரும் அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு ஜீப் வந்து முத்திரைக்காரரை ஏற்றிக்கொண்டு போனது. மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அரசாங்கம் மாறினால் ஆயிரக்கணக்கில் புது முத்திரை வேண்டியிருக்கிறதே. அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தும் அவரோடேயே போனது.

இன்று ஐந்தாம் நாள்.

அவள் படியிறங்கினாள். பாதி வழியில் நின்றாள், திரும்ப ஏறினாள், திரும்ப இறங்கினாள், இப்படியே நாலு தடவை. எதிரே தொலைபேசி நிலையம் இருப்பதால் நேற்றிலிருந்து கீழ்க்கூடத்தில் இரண்டு சிப்பாய்கள் காவல். இருவருக்கும் நடுத்தர வயது. ஒருவன் நெட்டை, இன்னொருவனுக்கு ஓயாத தும்மல். யாரோ போட்டுக்கொடுத்த நாற்காலிகளைச் சரியாக அறிவிப்புப் பெட்டிக்குக் கீழேயே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் தலையைச் சாய்த்திருந்த கண்ணாடியில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. கறைக்குப் பின்னால் அவளுடைய கையெழுத்து, முத்து முத்தாக.

"என்னம்மா, நாலு தடவை வந்துட்டீங்க?" என்றான் தும்மல்காரன்.

"மின்தூக்கி வேலை செய்யுதான்னு பார்க்க."

"இது ரெண்டு நாளா ஓடலையே."

"அதான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு முதல் மாடிக்கு ஓடினாள்.

முத்திரைக்காரரின் மனைவி கதவைப் பாதி திறந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். "மாத்துச் சாவி கிடையாதும்மா. ரெண்டு சாவி இருந்தா பூட்டே இல்லாத மாதிரின்னு சொல்ற மனுஷன். உனக்குத் தெரியாதா?"

"அக்கா, அந்தத் தாள்ல..."

"தெரியும். வானொலி கேட்டேன்." உன்னால்தானே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கையேட்டம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டில் கணவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "கண்ணாடியை உடைச்சிடலாமா?" என்றார்.

"ரெண்டு துப்பாக்கிக்குப் பக்கத்துலயா?"

"அப்போ போய் நேரா சொல்லிடலாம். இது தண்ணி விஷயம்னு."

"அதுல தண்ணியே இல்லைங்க" என்றாள் அவள். சொல்லும்போது அழுகை முட்டியது. "என் கொழுப்புதான் இருக்கு."

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவன் வந்து, அச்சடித்த ஆணையைக் கட்டடத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். மாலையில் அதிகாரி வந்து பார்ப்பார். அதைப் படியில் நின்று கேட்டவளுக்குச் சட்டென்று மூளையில் விளக்கெரிந்தது. பசையை எடுத்துக்கொண்டு நான்கே எட்டில் கீழே நின்றாள்.

"கொடுங்க, நான் ஒட்டறேன். இந்தப் பெட்டிதான் எல்லார் கண்ணுலயும் படற இடம்."

சிப்பாய்களுக்கு வேலை மிச்சம். நாற்காலியைக்கூட நகர்த்திக் கொடுத்தார்கள். அவள் கண்ணாடிக்கு வெளியே, தன் தாளுக்கு நேர் மேலே, ஆணையை விரித்துத் தடவினாள். முதல் விதி: ஆட்சிக் குழுவை அந்நியப் பெயரால் அழைக்கக் கூடாது. மூன்றாம் விதி: ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது. அச்சு மையின் வாசனை மூக்கில் ஏறியது. எல்லாம் கச்சிதமாக மறைந்தது, கையெழுத்து வரிசையைத் தவிர. ஆணைத் தாள் நாலு விரல் குட்டை. எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் கணவரின் கையெழுத்து, பணிமனைப் பதிவேட்டில் போட்டுப் போட்டு வளர்ந்த நீண்ட வாலோடு, கீழே எட்டிப் பார்த்தது.

திரும்ப மேலே ஓடி, 'மின்தூக்கி பழுது' என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து அதன் மேல் ஒட்டினாள். தும்மல்காரன் தலையை ஆட்டினான். "இதுக்குத்தான் நாலு தடவை வந்தீங்களா? சொல்லியிருக்கலாமே."

அப்புறமும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையேட்டைத் திறந்தாள், 'உருளை சுழலும்போது கதவைத் திறக்காதீர்' என்ற ஒரே வரியை மூன்று முறை எழுதினாள். கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஐயா, அது வெறும் ரப்பர் வளையம். ஐயா, அது வெறும் கூட்டம். ஐயா, இருநூறு வருடத்துக்கு முன்பு அந்நியப் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது, அதை எதிர்க்க ஊர் ஊராக ஜனங்கள் கூடிய குழுக்களுக்குத்தான் முதலில்... இந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராணுவத்தை எதிர்த்துக் கூடியவர்களின் பெயர் ராணுவத்துக்கே வந்து சேர்ந்த கதையை ஓர் அதிகாரியிடம் சொல்லி நல்ல பெயர் வாங்க முடியாது.

நாலரை மணிக்கு ஜீப் வந்தது. சன்னல் வழியே பார்த்தவளுக்கு முதலில் சந்தோஷம்தான். பின் இருக்கையிலிருந்து முத்திரைக்காரர் இறங்கினார். மூன்று நாள் தாடி, விரலெல்லாம் ரப்பர்த் தூள், இடுப்பில் சாவிக்கொத்து. வேலை முடிந்துவிட்டது, அதிகாரி சுற்றுக்கு வந்த வண்டியிலேயே அவரை வீட்டில் விட வந்திருக்கிறார்கள். முத்திரைக்காரரின் மனைவி செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினாள். கையேட்டம்மாவும் கணவரும் பின்னாலேயே போனார்கள்.

அதிகாரி கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆணையைப் பார்த்தார். முகம் சுளித்தார். பார்க்கச் சாந்தமான ஆள். "இதென்ன, வெளியில ஒட்டியிருக்கீங்க? யாராவது கிழிச்சா யாரு பொறுப்பு? பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. சாவி யார்கிட்ட?"

முத்திரைக்காரர் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

"கடையில இருக்குங்க" என்றார்.

"இடுப்புல தொங்கறது என்ன?"

அவ்வளவுதான். நெட்டைச் சிப்பாய் இரண்டு தாளையும் உரித்தான். முத்திரைக்காரர் கொத்திலிருந்து பெட்டிச் சாவியைக் கழற்றிப் பூட்டில் போட்டார். கதவு திறந்ததும் அதிகாரி குனிந்து வாசித்தார். மூன்று வரியைத்தான் வாசித்தார், ஆனால் அவளுக்கு அது முப்பது பக்கம் வாசித்த நேரமாகத் தோன்றியது.

"யாரு எழுதினது?"

"நான்தாங்க" என்றாள். "அந்தச் சொல்லுக்கு நீங்க நினைக்கிற அர்த்தம் இல்லைங்க. குழாய்ல போடற ரப்பர் வளையம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா, அந்தக் கூட்டத்துக்கும் அதான் பேர். வேற ஒண்ணுமில்லை, வெறும் கூட்டம்."

"கூட்டம்." அதிகாரி விரல்விட்டுக் கையெழுத்துகளை எண்ணினார். "பதினொண்ணு. கூட்டம் போட்டா என்ன தண்டனைன்னு மூணாவது விதியைப் படிச்சீங்களா? நீங்கதான் ஒட்டினீங்களாமே?"

நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த அர்த்தம் அவளையே திருப்பிக் குத்தியது. அதிகாரி தாளின் அடியில் விரலை வைத்து, "இந்த முதல் கையெழுத்து யாரோடது?" என்றார். அவள் கணவர் ஓரடி முன்னால் வந்தார்.

அதற்குள் முத்திரைக்காரர் நடுவில் புகுந்தார். "சார், அவங்க உங்களைச் சொல்லலை. ஜுன்டா நான்தான்."

தடை செய்யப்பட்ட சொல் கூடத்தில் முதல்முறையாகச் சத்தமாக ஒலித்தது. தும்மல்காரன்கூடத் தும்மலை அடக்கிக்கொண்டான்.

"என்ன?"

"இந்தக் கட்டடத்துல தண்ணி திறந்து மூடறது நான். என் தொல்லை தாங்காமத்தான் அவங்க இதை எழுதினாங்க. என்னைக் கலைக்கச் சொன்னாங்க. பேரு நான் வெச்சுக்கிட்டது. பாருங்க, என் முத்திரை." பெறப்பட்டது என்ற வட்டத்தின் மேல் தன் தூள் படிந்த விரலை வைத்தார். "அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

அதிகாரி சிரித்தார். நிஜமாகவே ரசித்துச் சிரித்தார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. "அப்போ ஜனங்க ஒரு மனு கொடுத்திருக்காங்க. ஜுன்டாவைக் கலைக்கணும்னு. நியாயமான மனுவாத்தான் தெரியுது. ஏத்துக்கலாமா?" என்றார். அவர் சொன்னால் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஏழு ஆண்டு இல்லை போலிருக்கிறது.

ஜீப்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே முத்திரைக்காரர் மூன்று நாள் உட்கார்ந்து வெட்டிய புத்தம் புது முத்திரைகள். அதிகாரி ஒன்றை எடுத்து, மையில் ஒற்றி, மனுவின் மேல் ஓங்கிக் குத்தினார். தேசியச் சின்னம், சுற்றிலும் வட்டமாகக் குழுவின் பெயர், நடுவில் 'ஏற்கப்பட்டது'. முத்திரைக்காரர் அந்த ஈர மையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஆணைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். எல்லாரும் படிக்கட்டும். பூட்டுங்க" என்றார் அதிகாரி. முத்திரைக்காரரே பூட்டினார். பிறகு அவரை மறுபடியும் ஜீப்பில் ஏற்றினார்கள். இந்த முறை மரியாதை இல்லை. மனைவியைப் பார்த்து, "மோட்டார்ல வளையம் தேஞ்சிருக்கும், மாத்தச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரமாகிறது. ஆள் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவர் மனைவி மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டாள். தண்ணீரை இப்போது யாரும் மூடுவதில்லை; நாள் முழுக்க வருகிறது. கையேட்டம்மாவின் கணவர் ஏழரைக்கு வந்து குழாயைத் திறக்கிறார், ஒரு வாளி மட்டும் பிடித்துவிட்டு மூடிவிடுகிறார். கேட்டது கிடைத்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் கையேட்டம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது.

பெட்டியைத் திறக்க ஆளில்லை. நாடு முழுக்க ஏழு ஆண்டு வாங்கித்தரும் அந்தச் சொல், கலைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையோடு, ஏற்கப்பட்டது என்ற அரசாங்க முத்திரையோடு, கண்ணாடிக்குள் தைரியமாகத் தொங்கியது. சிப்பாய்கள் அதற்குத்தான் காவல் இருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் மின்தூக்கியைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, ஓடாத மின்தூக்கியின் முன் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள்.

அன்று காலை அவள் கீழே இறங்கியபோது முத்திரைக்காரரின் மனைவி ஈரத்துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் துடைக்கிறாள் போலிருக்கிறது. நெட்டையனின் எண்ணெய்க் கறைகூட இல்லை. சிப்பாய்கள் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு முத்திரையும் அவர் வெட்டினதுதாம்மா" என்றாள் அந்த அக்கா, திரும்பாமலே.

கையேட்டம்மா பக்கத்தில் போய் நின்றாள். முதல்முறையாக அந்தப் புது முத்திரையைப் படித்தாள். ஒரு கையேட்டின் அச்சுப்படியைத் திருத்துவது போல, எழுத்து எழுத்தாக. 'தேசிய', சரி. 'ஒழுங்குக்', சரி. அடுத்த சொல்லில் அவள் கண் நின்றது. மறுபடி படித்தாள். வெட்டுக்கத்தி பிசகும் இடமல்ல அது. சுத்தமாக, அழகாக, வேண்டுமென்றே வெட்டியதுபோல விழுந்திருந்தது. குழு இல்லை. குழி.

தேசிய ஒழுங்குக் குழி.

அதிகாரி குத்தினார். அவருக்கு மேலே இருப்பவர்களும் குத்திக்கொண்டிருப்பார்கள். கைது உத்தரவில், பயண அனுமதியில், பள்ளிச் சான்றிதழில், நாடு முழுக்க ஒரு வாரமாக. ஒருவனும் படிக்கவில்லை. என்றைக்கோ ஒருவன் படிப்பான். படித்த அன்றைக்கு, அதை வெட்டியவர் எந்த அறையில் அடைபட்டிருக்கிறார் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும்.

துணி நின்றது. "படிச்சிட்டியா?" என்று கேட்டாள் அந்த அக்கா, வாசலைப் பார்த்தபடி.

கையேட்டம்மா தலையாட்டினாள். கையை நீட்டி, அந்த ஈரத்துணியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இனிமே கண்ணாடியைத் துடைக்காதீங்க" என்றாள்.